லண்டனில் இருந்த மொரேனிக்கே அம்மா

எங்கள் ஊர் அபெயோகுட்டாவில் நல்ல குடும்பம் எதிலும் பைத்தியம் பிடித்தவர்கள் கிடையாது. ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் அவர் அந்த வாரமே லண்டன் போய்விடுவார். இதற்கு விசா வேண்டியதில்லை, விமானம் வேண்டியதில்லை. வீட்டில் மூத்தவர்கள் கூடி முடிவு செய்தால் போதும். லண்டனில் எப்படித்தான் இத்தனை அபெயோகுட்டாக்காரர்களுக்கு இடம் இருக்கிறதோ, அந்த ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி அபோசெடே. இருபத்திரண்டு வருஷமாக லண்டனில் இருந்தாள். அவளுடைய லண்டன், லஃபென்வா சந்தையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு மிளகாய் அரைக்கிற மில். அதே ஊரில் இட்டோகோ பகுதியில் இருக்கிற அக்கா டினுவாடேயின் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம்.

டினுவாடே பொய் பேசுகிறவள் அல்ல. சொன்ன பொய்யைக் கடைசிவரை பராமரிக்கிறவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தங்கையிடமிருந்து வந்ததாக ஒரு வாழ்த்து அட்டையைத் தானே எழுதி முன்னறையில் வைப்பாள். "அங்க இந்த வருஷம் பனி ஜாஸ்தியாம். பாவம், முழங்கால் வலின்னு எழுதியிருக்கா" என்று வந்தவர்களிடம் சொல்வாள். முழங்கால் வலி மட்டும் உண்மை. நாள் முழுக்க மில்லில் நின்றால் யாருக்கும் வரும்.

குரல்கள் வந்தபோது அபோசெடேக்கு இருபத்தாறு வயது. கால்பந்து ஆட்டத்தை வானொலியில் வர்ணிப்பார்களே, அதுபோல இரண்டு ஆண்கள் அவள் வாழ்க்கையை வர்ணிக்கத் தொடங்கினார்கள். அடுப்பில் பானை வைத்தால் "இதோ பானை வைக்கிறாள்" என்பான் ஒருவன். "உப்பை மறந்துவிட்டாள்" என்பான் மற்றவன். கேட்பதற்கு ஒரே ஒரு நேயர் இருக்கிற நிலையம் அது. ஆனாலும் ஒரு நிமிடம் ஓய்வு கிடையாது. கொஞ்ச நாளில் வர்ணனை போய் உத்தரவு வந்தது. மொரேனிக்கேக்கு அப்போது இரண்டு வயது. சோளக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது "அதில் விஷம்" என்றான் ஒருவன். அவள் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கிண்ணத்தைப் பிடுங்கி வீசினாள். கஞ்சி தெறித்து, குழந்தையின் இடது தோளில் ஆரஞ்சு இலை அளவுக்குத் தோல் வெந்துவிட்டது.

அன்று மாலையே டினுவாடே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அது சரிதான் என்று அபோசெடேயும் பிற்பாடு ஒப்புக்கொண்டாள். புருஷன் அவளைப் பிறந்த வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே திரும்பினான். வெள்ளை அங்கி அணிந்த ஒரு தீர்க்கதரிசி நாற்பது நாள் அவள் காலில் சங்கிலி போட்டு ஜெபித்தார். நாற்பத்தோராம் நாள் குரல்கள் அவரையும் சேர்த்து வர்ணிக்கத் தொடங்கின. அவர் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல், கேஸ் முற்றிவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. மாதம் ஒரு ஊசி. முதல் வருஷம் கை நடுங்கியது, நாக்கு தடித்தது, உடம்பு ஊதியது. ஆனால் வர்ணனைக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள். முழுக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள்: "குரல் கேட்டா பயப்படாத. பக்கத்துல இருக்கிறவங்களத் திரும்பிப் பார்த்து 'உனக்குக் கேட்டுச்சா?'ன்னு கேளு. அவங்களுக்கும் கேட்டிருந்தா நிஜம். இல்லேன்னா அது உன் சொந்தச் சரக்கு."

மில்லுக்கு வந்த பிறகு, பக்கத்தில் ஆரஞ்சு விற்கிற ரிஸ்கத் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தாள்.

"ரிஸ்கத், யாரோ என்னைத் திட்டுற மாதிரி கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. நான்தான் திட்டினேன். பீன்ஸ் அரைச்சு மெஷினக் கழுவாம என் மிளகாயப் போட்டியே, என் குழம்பு என்ன கஞ்சியா?"

மில்லை அவள் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. இன்ஜின் ஓடும்போது குரல்கள் வாயை மூடிக்கொள்ளும். சந்தையே காதைப் பொத்திக்கொள்கிற அந்தச் சத்தத்தில் அபோசெடே ஒருத்திதான் நிம்மதியாக இருந்தாள்.

அந்தச் சத்தத்தால் இன்னொரு லாபமும் உண்டு. பதினைந்து வயதில் மொரேனிக்கே எப்படியோ உண்மையைத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் மிளகாயோடு மில்லுக்கு வருவாள். வரிசையில் நிற்பாள். வந்தவுடன் எல்லோரையும்போல "மில்லுக்காரம்மா" என்பாள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும், யாருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகு, உதட்டை அசைத்து "அம்மா" என்பாள். ஒன்பது வருஷமாக அபோசெடே அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். காதால் கேட்டதில்லை.

அந்த ஊரில் பிள்ளை பெற்றவளை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அம்மா என்பார்கள். "மொரேனிக்கே அம்மா" என்று தெருவில் கூப்பிட்டால் டினுவாடே திரும்பிப் பார்த்தாள். அபோசெடே வெறும் மில்லுக்காரம்மாவாக இருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் டாக்டர் லாவோயே என்கிற ஒல்லியான மனிதர் ஒரு ஆராய்ச்சிக்காக அவளைக் கேட்டார். மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் மூளையையும், நோயில்லாத அவர்கள் உடன்பிறந்தவர்களின் மூளையையும் இபாதானில் உள்ள பெரிய மெஷினில் படம் எடுக்க வேண்டும். அபோசெடே உடனே சரி என்றாள். தன்னை யாராவது படம் எடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. டினுவாடேயைச் சம்மதிக்கவைக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. இபாதானுக்குச் சாவுக்குப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, பெரியவர்கள் சாவு எங்களுக்குத் திருவிழா, அதற்கு ஏற்ற மாதிரி லேஸ் உடுத்தி, தங்கமெல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். மெஷினுக்குள் உலோகம் ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னபோது, தான் கொள்ளையடிக்கப்படுவதாகவே நினைத்தாள்.

அந்த மெஷின் டம டமவென்று இடிக்கும். அபோசெடேக்கு அது மில் சத்தம்போல இருந்தது. உள்ளே போனதும் தூங்கிப்போனாள். டினுவாடேயோ இரண்டாம் நிமிடம் அவசர மணியை அமுக்கி, நான்கு தீர்க்கதரிசிகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். படம் எடுக்கிறவர் டாக்டரைத் தனியே அழைத்து, "சார், கத்துற அம்மாதானே நோயாளி?" என்று கேட்டார். அதை டினுவாடே கேட்டுவிட்டாள்.

படம் வந்த பிறகு டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். எல்லார் மூளையிலும் டோபமின் என்று ஒன்று சுரக்கிறது, இதைக் கவனி, இது முக்கியம் என்று குறிப்புக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று, இந்த நோயில் உள்ளே ஆழத்தில் அது மிஞ்சிப்போகிறது, அப்போது கதவு கிறீச்சிடுவதும் பக்கத்து வீட்டுக்காரி இருமுவதும் நமக்காகவே நடப்பதுபோலத் தோன்றும், ஆனால் நெற்றிப் பக்கத்தில் அதுவே குறைந்துபோகிறது என்று நினைக்கிறோம் என்றார்.

"அதாவது உள்குழம்புல மிளகாய் கூடிப்போச்சு, முன்குழம்புல குறைஞ்சுபோச்சு" என்றாள் அபோசெடே.

"ஏறக்குறைய."

"ஏறக்குறையன்னா போதும் டாக்டர். மிளகாய யாரு எண்ணிப் போடுறா? அப்ப ஊசி?"

"ஊசி டோபமினைக் குறைக்காது. அது போய்ச் சேர்ற வாயை அடைக்கும்."

"மெஷின் வாய்க்கு மூடி. மேல மிளகாய் கொட்டுது, உள்ள எறங்கல." கொஞ்சம் யோசித்தாள். "அந்த மூடிதான் முன்குழம்பையும் இன்னும் சப்புன்னு ஆக்குதா? சில நாள் காலைல எழுந்து காலக் கீழ வைக்கவே ஒரு மணி நேரம் ஆகுது எனக்கு. சோம்பேறின்னு அக்கா சொல்றா."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "நோயும் இருக்கலாம், மருந்தும் இருக்கலாம். சோம்பல் இல்ல" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே தீர்ப்பு அதுதான். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

படத்தின் நகலை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். "சொந்த மண்டை ஓட்டை எவளாவது வீட்டுல மாட்டுவாளா?" என்று டினுவாடே தன்னுடையதையும் தங்கையிடமே தள்ளிவிட்டாள். இரண்டும் ஒரே உறையில், மில்லின் எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் இருந்தன.

இப்போது மொரேனிக்கேக்கு இருபத்துநான்கு வயது. இஜெபு ஓடேயைச் சேர்ந்த ஒரு நில அளவையாளனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருந்தாள். இரண்டு குடும்பமும் முறைப்படி சந்திப்பதற்கு முன் ஒரு சடங்கு இருக்கிறது. அதற்கு அழைப்பிதழ் கிடையாது. பையன் வீட்டுப் பெண்கள் ரகசியமாக வந்து பெண் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். தொழுநோய் உண்டா, வலிப்பு உண்டா, திருட்டு உண்டா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பைத்தியம் உண்டா என்று கேட்பார்கள். இஜெபுக்காரர்கள் பெண்ணைப் பார்க்கமாட்டார்கள், பெண் வீட்டுப் பாயைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் எங்களைப் பற்றிச் சொல்வது இங்கே தேவையில்லை.

முந்தின சனிக்கிழமை, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது மொரேனிக்கே உதட்டை அசைத்தாள். "என் கல்யாணத்துக்கு வருவியா?" அபோசெடே அதை நன்றாகவே படித்தாள். படிக்காததுபோலக் குச்சியால் மிளகாயைத் தள்ளினாள். லண்டனிலிருந்து வருவது சுலபமா?

வியாழக்கிழமை காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள்; நிற்கிற விதத்திலேயே வகுப்பை அமைதிப்படுத்திவிடுவாள்போல இருந்தது. அவள் திருமதி ஒடுசான்யா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பையனின் அத்தை. கூட வந்தவள் பையனின் சித்தி சிகிரா. கையில் பேசின் நிறைய மிளகாயும் தக்காளியும். பேசின் புதியது, கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அரைக்க வந்தவர்கள் அல்ல என்று அபோசெடேக்குத் தெரிந்துவிட்டது.

"தாயே, வேலை நல்லாப் போகுதா?" என்றாள் சிகிரா. "இட்டோகோல டினுவாடேன்னு ஒருத்தங்க இருக்காங்களாமே. அவங்க எதிர்வீட்டம்மா, 'அந்தக் குடும்பத்தப் பத்தி லஃபென்வா மில்லுக்காரிக்குத்தான் எல்லாம் தெரியும்'னு அனுப்பினாங்க."

எதிர்வீட்டம்மாவுக்கும் டினுவாடேக்கும் சாக்கடைத் தகராறு இருந்தது. அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பழிவாங்கல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"தெரியும். என்ன வேணும்?"

திருமதி ஒடுசான்யா குரலைத் தாழ்த்தினாள். "அந்த வீட்ல... தலை சரியில்லாதவங்க யாராவது?"

அபோசெடே உடனே திரும்பி ரிஸ்கத்தைப் பார்த்தாள். "ரிஸ்கத், இப்ப இவங்க ஏதாவது கேட்டாங்களா?"

ரிஸ்கத்தின் கையில் பாதி உரித்த ஆரஞ்சு அப்படியே நின்றது. "கேட்டாங்கக்கா" என்றாள் மெதுவாக. "நிஜமாவே கேட்டாங்க."

அபோசெடே கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினாள், பேசினைக் கவிழ்த்தாள். அரைத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் உலகத்தில் யாரும் அவளிடம் எதுவும் பேச முடியாது.

இல்லை என்று சொல்லலாம். கல்யாணம் நடக்கும். டினுவாடே தாய் நாற்காலியில் உட்காருவாள். லண்டனிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். என்றாவது ஒருநாள் அந்தப் பையனுக்குத் தெரியும். அன்று ஏமாற்றியவள் மொரேனிக்கே என்று ஆகிவிடும். ஆமாம் என்று சொல்லலாம். கல்யாணம் நின்றுபோகும். தோளில் ஒரு வடு வைத்தவள் இன்னொன்றும் வைத்தாள் என்பார்கள். சனிக்கிழமைகள் நின்றுபோனாலும் போகும். இரண்டில் எது என்று அவள் காத்திருந்தாள். வர்ணனைக்காரர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்கள் யோசனை தேவைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இன்ஜினை நிறுத்தினாள். விழுது வழிந்த பேசினை அவர்கள் கையில் கொடுத்தாள்.

"ஒருத்தி உண்டு" என்றாள். "அது நான்தான். மொரேனிக்கேயப் பெத்தவ. லண்டன்ல இருக்கேன்னு சொல்லியிருப்பாங்க."

சிகிரா ஒரு அடி பின்னால் போனாள். போன வேகத்தில் பேசின் சாய்ந்து, நல்ல உடையில் சிவப்பாக வழிந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை. தன் மிளகாயைப் பைத்தியம் அரைத்ததா என்ற கேள்வி அவள் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

அபோசெடே டப்பாவுக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தாள். இரண்டு படத்தையும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஓரத்தில் இருந்த பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"இதுல ஒண்ணு என் மூளை. ஒண்ணு அக்காவோடது, அவளுக்கு ஒரு நோயும் இல்ல. நடுவுல கறுப்பா ரெண்டு எறக்கை மாதிரி இருக்கு பாருங்க, அது தண்ணி நிக்கிற அறை. இந்த நோய் உள்ளவங்களுக்கு அது கொஞ்சம் பெருசா இருக்குமாம், சுத்தி இருக்கிற பட்டை கொஞ்சம் மெலிஞ்சிருக்குமாம். டீச்சரம்மா, பைத்தியம் எது, சொல்லுங்க."

திருமதி ஒடுசான்யா முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தியவள். கண்ணாடியைச் சரிசெய்து, படங்களை மாறி மாறிப் பார்த்து, இடது பக்கத்தில் விரலை வைத்தாள். "இது. சந்தேகமே இல்ல. அறை ரெண்டும் எவ்வளவு பெருசு!"

அபோசெடே கட்டைவிரலை எடுத்தாள். டினுவாடே என்று எழுதியிருந்தது.

"அவ என்னவிட ஒன்பது வயசு மூத்தவ. வயசானாலும் அந்த அறை பெருசாகுமாம். ஒருத்தர் படத்த மட்டும் பார்த்து டாக்டராலயே சொல்ல முடியாது. நூறு பேரோடத நூறு பேரோடதுக்குப் பக்கத்துல வெச்சுச் சராசரி பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியுமாம்." படங்களை உறையில் போட்டாள். "என் பொண்ணுக்கு வருமான்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். என்ன மாதிரி அம்மாவுக்குப் பொறந்த பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வரலாம், ஒன்பது பேருக்கு வராதுன்னாரு. பயம் பத்துப் பேருக்கும் இருக்கும். அதுக்கு ஊசி கிடையாது."

அவர்கள் போய்விட்டார்கள். ரிஸ்கத் ஒரு ஆரஞ்சை உரித்து அவள் கையில் திணித்தாள்.

மாலையில் டினுவாடே வந்தாள். முழங்கால் வலிக்கும் லண்டனுக்கு அவள் நேரில் வந்தது அதுவே இரண்டாம் முறை.

"அந்தப் பொண்ணு கழுத்த அறுத்துட்டியேடி! இருபத்திரண்டு வருஷமா ஒரு கல்லு மேல ஒரு கல்லா அடுக்கினேன், ஒரு உதையில தள்ளிட்ட. அவங்க மாட்டேன்னுட்டா நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அக்கா, அவங்க உன் படத்தத்தான் பைத்தியம்னாங்க."

டினுவாடே மில்லின் ஓரத்தில் இருந்த கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து அழுதாள். சிரித்ததுபோலவும் இருந்தது. அபோசெடேக்கு ரிஸ்கத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு நாள் பதில் இல்லை. சனிக்கிழமை மொரேனிக்கே வரவில்லை. அபோசெடே அன்று இன்ஜினை நிறுத்தவே இல்லை. அரைக்க ஒன்றும் இல்லாதபோதும் ஓடவிட்டாள்.

ஏழாம் நாள் திருமதி ஒடுசான்யா தனியாக வந்தாள். பேசினில் மூன்று மிளகாய் இருந்தது. மூன்று மிளகாயை யாரும் மில்லுக்குக் கொண்டுவருவதில்லை.

"எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான்" என்றாள் மிளகாயைப் பார்த்துக்கொண்டே. "என் மகன். கனடாவுல."

"கனடாவுல எங்கம்மா?"

"பின்கட்டு ரூம்ல." தலைமையாசிரியையின் குரல் உடைந்தது. "நாலு வருஷமா. கதவுக்கு வெளிய பூட்டு. அந்த ஊசி... எந்த ஆஸ்பத்திரி?"

அபோசெடே அந்த மூன்று மிளகாயையும் கவனமாக அரைத்தாள். மெஷினைக் கழுவித்தான் அரைத்தாள். டாக்டர் லாவோயே உட்காருகிற நாளையும் அறையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

தாளை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் நிமிர்ந்தாள். பழைய குரல் திரும்பியிருந்தது. "வீட்ல சொல்லிட்டேன். விசாரிச்ச எடத்துல உண்மை சொன்ன குடும்பம் இது ஒண்ணுதான்னேன். ஒரே நிபந்தனை. சந்திப்பு அன்னிக்குப் பெத்தவ லண்டன்ல இருக்கக் கூடாது."

சந்திப்பு நாள் வந்தது. கூடாரம், பையன் வீட்டுச் சீராக வந்த கிழங்குக் குவியல், பழக்கூடைகள், ஒரே மாதிரி துணி உடுத்திய இரண்டு கூட்டம். பெண் வீட்டுக்காக வாய்ச்சாலத்துக்கென்று அமர்த்திய அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பையன் வீட்டாரை ஒரு மணி நேரம் கேலி செய்து களைத்த பிறகு, "மொரேனிக்கே அம்மா எங்க? முன்னால வாங்க!" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேர் எழுந்தார்கள்.

டினுவாடே பழக்கத்தால் எழுந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது. காய்ச்சலில் கண் விழித்தவளும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனவளும் அவள்தான். நின்றது தெரிந்ததும் முகம் கறுத்தது, உட்காரப் போனாள். அபோசெடே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அடேங்கப்பா, பொண்ணுக்கு ரெண்டு அம்மாவா?" என்றாள் ஒலிபெருக்கி அம்மாள். "இஜெபுக்காரங்களே, கிழங்கு ரெண்டு மடங்கு!" கூட்டம் சிரித்தது.

மொரேனிக்கே வந்தாள். தோளை மறைக்காத உடை; ஆரஞ்சு இலை வடு எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பேர் முன்னாலும் முழந்தாளிட்டாள். முதலில் பெரியவளைப் பார்த்தாள். பிறகு அபோசெடேயைப் பார்த்து வாயைத் திறந்தாள். அங்கே இன்ஜின் எதுவும் ஓடவில்லை.

"அம்மா" என்றாள்.

அபோசெடே மெதுவாகப் பக்கத்தில் திரும்பினாள்.

"அக்கா, இப்ப ஒரு குரல்... உனக்குக் கேட்டுச்சா?"

டினுவாடே தலையில் கட்டிய துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுடி" என்றாள். "எனக்கும் கேட்டுச்சு."